வாளா, நாற்காலியா?

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஹாஸ்டல் அறைகளில் கிளம்பும் விவாதங்களில் இதுவும் ஒன்று. வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான், கையில் என்ன இருக்க வேண்டும்? ஒருத்தன் கட்டானா என்பான். இன்னொருத்தன் திருப்பாச்சேத்தி அரிவாள் என்பான். மூன்றாமவன் (ஆங்கிலப் படமாகப் பார்த்துத் தள்ளுகிறவன்) இரண்டு கையாலும் பிடிக்கிற ஐரோப்பிய நீள்வாள்தான் என்று அடித்துச் சொல்வான். கடைசியில் யாராவது ஒருத்தன் பால்டிமோர் கதையை எடுத்துவிடுவான். அத்தோடு வாள் கட்சி ஜெயித்துவிட்டதாக அர்த்தம், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

அந்தக் கதை உண்மைதான். 2009 செப்டம்பரில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், வீட்டின் பின்பக்கம் பதுங்கியிருந்த ஆளை சாமுராய் வாளால் வெட்டினார். வெட்டுப்பட்டவர் அங்கேயே இறந்துபோனார். அரசு வழக்கறிஞர்கள் விசாரித்துவிட்டு, மாணவர் உயிருக்குப் பயந்துதான் வெட்டினார் என்று வழக்குப் போடாமல் விட்டார்கள். ஹீரோ கதை!

ஆனால் ஹாஸ்டலில் சொல்லும்போது பாதியை விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் ஏற்கெனவே திருட்டுப் போயிருந்தது. போனவை லேப்டாப்புகளும் ஒரு வீடியோ கேம் பெட்டியும். மாணவர் வாளோடு வெளியே போய்ப் பார்த்தபோதுதான் அந்த ஆள் எதிரே வந்தார். அந்த ஆளின் கையில் ஆயுதம் இல்லை. ஒரே வீச்சில் ஒரு கை துண்டாகிற அளவுக்குப் போய் மார்பிலும் இறங்கிவிட்டது. இருபது வயதுப் பையன் ஒருவன் அதை நேருக்கு நேர் நின்று பார்த்திருக்கிறான். வழக்கு இல்லை என்று சட்டம் சொன்னது, அவ்வளவுதான். அதை "நல்லா முடிஞ்சுது" என்று சொல்ல ஹாஸ்டல் கட்டிலில் படுத்திருப்பவனால் மட்டும்தான் முடியும்.

சரி, தர்மத்தை ஓரமாக வைத்துவிட்டு வெறும் உபயோகத்தை மட்டும் பார்க்கலாம். வாள் வீட்டுக்கு உதவுமா?

முதலில், எந்த வாள்? கண்காட்சியிலும் இணையத்திலும் பளபளவென்று விற்கிற கட்டானாக்களில் பெரும்பாலானவை சுவரில் மாட்டச் செய்தவை. எவர்சில்வர் தகடு. பிடிக்குள் போகிற வால்பகுதி விரல் தடிமன்கூட இருக்காது. பல வாள்களில் ஒரு திருகுக் கம்பியைப் பற்றவைத்துப் பிடியில் முடுக்கியிருப்பார்கள். ஓங்கி ஒரு கதவு நிலையில் அடித்தால் தகடு தனியாகப் பறக்கும். எங்கே போய்க் குத்தும் என்பது திருடனுக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது, பின்னால் நிற்கிற பாட்டிக்கும் தெரியாது.

"அசல் வாளே வாங்குறேன், உனக்கென்ன?" என்கிறவர்களுக்கு: வாங்கி வைத்துக்கொண்டு எங்கே வீசப் போகிறீர்கள்? கட்டானாவின் மொத்த நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அதைப் பிடிக்கிற கையையும் சேர்த்தால் ஐந்து அடி வட்டம் வேண்டும். தமிழ்நாட்டு வீட்டில் சமையலறைக்குப் போகிற வழி மூன்று அடி அகலம். மேலே ஃபேன் சுற்றுகிறது. பக்கத்தில் டிவி ஸ்டாண்டு, கொடியில் துணி, கீழே தம்பி தூங்குகிற பாய். தலைக்கு மேல் ஓங்கினால் முதல் வெட்டு ஃபேனுக்குத்தான். திருடன் சிரித்தே செத்துப்போவான் என்றால் அது ஒரு தற்காப்பு முறைதான், மறுக்கவில்லை.

வாள் வெட்ட வேண்டுமானால் அலகு போகிற திசையும் கை போகிற திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பட்டையாக அடிக்கும், இல்லாவிட்டால் வழுக்கும். இதற்குத்தான் ஜப்பானில் வைக்கோல் பாய்ச்சுருளை வருஷக்கணக்கில் வெட்டிப் பழகுகிறார்கள். அர்த்த ராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு, கண்ணாடியைத் தேடிக்கொண்டு, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து வருகிற அப்பாவால் அது ஆகாது. சுருள்வாள் என்று பேசுகிறவர்களும் உண்டு. அதைப் பழகியவர்களே சுற்றிலும் யாரும் இல்லாத இடம் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஹாலில் சோபாவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் நின்று சுழற்றினால் மிச்சம் இருப்பது ஃபிரிட்ஜ் மட்டும்தான்.

அரிவாள் கட்சி இதைவிடக் கொஞ்சம் புத்திசாலிக் கட்சி. நீளம் குறைவு, நுனிப்பக்கம் பாரம் அதிகம், பழகாத கையிலும் வெட்டும். 2005-ல் 'திருப்பாச்சி' வந்த பிறகு அதற்கு ஒரு ரசிகர் மன்றமே இருக்கிறது. அதன் ஆபத்தும் அங்கேதான். பழகாத கையிலும் வெட்டும் என்றால் எந்தக் கையிலும் வெட்டும். திருடன் வருவது ஆயுளில் ஒருமுறை, பெரும்பாலான வீடுகளுக்கு அதுவும் இல்லை. வரப்புத் தகராறு, குழாயடிச் சண்டை, குடித்துவிட்டு வருகிற சித்தப்பா, இவையெல்லாம் அடிக்கடி வருகிறவை. கட்டிலுக்கு அடியில் அரிவாள் இருக்கிற வீட்டில் அது முதலில் யாருக்காக வெளியே வரும்? மறுபடி ஒருமுறை யோசித்துவிட்டு வாதாட வாருங்கள்.

இன்னொன்று. வீட்டை நோட்டம் விடுகிற திருடனுக்குப் பிடித்தது பூட்டிய வீடு. தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள், வாசலில் நான்கு நாள் பேப்பர் கிடக்கிறது, அந்த வீடு. அங்கே சுவரில் தொங்குகிற வாள் யாரைக் காப்பாற்றும்? உள்ளே வந்தவன் அதையும் எடுத்துக்கொள்வான். நடுவில் வீட்டுக்காரர் திரும்பி வந்துவிட்டால், வெறுங்கையோடு வந்த திருடனுக்கு வாள் கொடுத்த புண்ணியம் அவரையே சேரும்.

இப்போது நிஜமாக அரிவாளோடு வந்தவர்களை நிஜமான மனிதர்கள் எதிர்த்த கதை. 2019 ஆகஸ்ட், திருநெல்வேலி மாவட்டம், கடையம் பக்கம். இரவு நேரம், வயதான ஒரு பெரியவர் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தை மூடிக்கொண்டு இரண்டு பேர் அரிவாளோடு வருகிறார்கள். ஒருவன் பின்னால் இருந்து துணியைப் போட்டுக் கழுத்தை இறுக்குகிறான். சத்தம் கேட்டு உள்ளே இருந்து ஓடி வந்த மனைவி கையில் கிடைத்ததை எடுத்து எறிகிறார். கிடைத்தது செருப்பு! அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலி. பிடி தளர்ந்ததும் பெரியவரும் எழுந்து இன்னொரு நாற்காலியைத் தூக்குகிறார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி வீச, அரிவாள்காரர்கள் பின்வாங்கி ஓடிவிட்டார்கள். அம்மாவின் கையில் வெட்டுக்காயம், கழுத்துச் சங்கிலியும் போய்விட்டது. ஆனால் இரண்டு உயிரும் தப்பின. கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. அந்த ஆண்டு சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அவர்களுக்கு வீரத்துக்கான விருது கொடுத்தது.

பார்த்தவர்கள் எல்லாரும் தைரியத்தைப் பாராட்டினார்கள், சரி. நாற்காலியை யாரும் பாராட்டவில்லை. அது அநியாயம். பிளாஸ்டிக் நாற்காலியின் எடை இரண்டு மூன்று கிலோதான், எழுபது வயதுக்காரரும் தூக்கலாம். நான்கு கால் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் எதிராளி கிட்டே வர முடியாது. அரிவாளை வீசினால் காலில் மாட்டும், இல்லாவிட்டால் இருக்கையில் படும். பிடித்திருப்பவரின் மார்பும் வயிறும் அதன் பின்னால் இருக்கின்றன. அதாவது அது முதலில் கேடயம், பிறகுதான் ஆயுதம். வாளில் இது தலைகீழ். கேடயம் இல்லாத வாளை வைத்துக்கொண்டு இன்னொரு வெட்டுக்கருவியின் முன்னால் நின்றால் இரண்டு பேருக்கும் வெட்டு விழுவதுதான் வழக்கமான முடிவு. முக்கியமான விஷயம், நாற்காலி எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. பீரோவைத் திறந்து சாவி தேட வேண்டாம்.

மற்ற வீட்டுச் சாமான்களுக்கும் ஒரு வார்த்தை. மிளகாய்ப்பொடி என்று சொல்லாத ஆளே கிடையாது. ஃபேன் ஓடுகிற மூடிய அறையில் அதைத் தூவிப் பாருங்கள், திருடனும் வீட்டுக்காரரும் சேர்ந்து தும்மிக்கொண்டிருப்பார்கள். அரிவாள்மனை தரையில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கத்தான். உலக்கை தூக்கி நிறுத்துவதற்குள் திருடன் பக்கத்துத் தெருவில் இருப்பான். தோசைக்கல் பரவாயில்லை, சூடாக இருந்தால் இன்னும் பரவாயில்லை, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் தோசை சுடுகிறார்கள்? கம்பு நல்லது. சிலம்பக் கம்பு நெற்றி உயரம், வீட்டுக்குள் சுற்ற முடியாது. மூன்று அடிக் கைத்தடி போதும், அதுவும் வீசுவதற்கு இல்லை, நீட்டிக் குத்தித் தள்ளுவதற்கு. இதெல்லாவற்றையும் விட நல்ல ஆயுதம் பெரிய டார்ச்சும் தொண்டையும். கண்ணில் வெளிச்சம் அடித்து "ஏய்!" என்று ஊரே கேட்கக் கத்தினால், நகைக்காக வந்தவன் நிற்க மாட்டான்.

டார்ச்சுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. எதிரே நிற்பது யார் என்று அது காட்டும். 1992 அக்டோபரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், படிக்க வந்திருந்த 16 வயது ஜப்பானிய மாணவன் யோஷிஹிரோ ஹத்தோரி, ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறிப் போய் மணி அடித்துவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியால் சுட்டார். பையன் செத்துப்போனான். கிரிமினல் வழக்கில் அந்த வீட்டுக்காரரும் விடுதலை ஆனார். அங்கே துப்பாக்கி, இங்கே வாள், இருட்டில் தப்பாகக் கணிக்கிற கண் ஒன்றுதான்.

இதைப் படிக்கிற ஹாஸ்டல்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பரீட்சை முடிந்த அன்றே, சொல்லாமல் கொள்ளாமல் கடைசி பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்து, அம்மாவை எழுப்ப வேண்டாம் என்று காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்துக் கொல்லைக் கதவைத் தட்டுகிறவன் யார்? நீங்கள்தானே! அப்பாவுக்கு வாள் வாங்கிக் கொடுக்கச் சொல்கிற ஆளும் நீங்கள்தான்.

எதிர்க்கட்சிக்கு ஒரு வலுவான வாதம் உண்டு, அதை மறைப்பது நியாயம் இல்லை. பவாரியா கும்பல். 'தீரன் அதிகாரம் ஒன்று' (2017) பார்த்தவர்களுக்குத் தெரியும். நெடுஞ்சாலையை ஒட்டிய தனி வீடுகளில் நள்ளிரவில் புகுந்து, தூங்குகிறவர்களைத் தாக்கிக் கொள்ளையடித்தவர்கள். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனத்தை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அப்படிப்பட்டவர்கள் வந்தால் செருப்பா எறிவது என்று கேட்பார்கள். சரியான கேள்விதான். ஆனால் துப்பாக்கியோடு கூட்டமாக வருகிறவர்கள் முன்னால் வாள் என்ன செய்யும்? அங்கே உயிர் காப்பது, அவர்கள் உள்ளே வர எடுத்துக்கொள்ளும் நேரம். அந்த நேரத்தைக் கொடுப்பது கதவு. அதற்குள் விழித்துக்கொண்டால் கத்தலாம், 112-க்கோ 100-க்கோ போன் அடிக்கலாம், பக்கத்து வீட்டில் விளக்கு எரியும்.

சட்டத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் "வீட்டுக்குள்ள வந்தா வெட்டலாம், கேஸே கிடையாது" என்று ஒருத்தன் கண்டிப்பாகச் சொல்லியிருப்பான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-வது பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 103), கொள்ளை, இரவில் வீட்டை உடைத்துப் புகுதல் போன்றவற்றில் உயிர் போகிற அளவுக்குத் தடுக்கவும் இடம் கொடுக்கிறது. அவன் சொன்னதில் அவ்வளவு உண்மை. ஆனால் 37-வது பிரிவு (பழைய 99), தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை என்கிறது. வீட்டை உடைத்து வந்ததற்கு எதிரான அந்த உரிமையும் அத்துமீறல் தொடரும்வரைதான். தெருவில் துரத்திக்கொண்டு போய் முதுகில் வெட்டினால் கதை வேறு. முதுகில் விழுந்த வெட்டைப் பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்லிவிடும். ஆயுதச் சட்டத்தின் (1959) கீழ் வந்த விதிகளின் பட்டியலில் வாள் பெயர் சொல்லியே இருக்கிறது. வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் என்றே செய்த சாமான்களுக்கும் சாதாரணக் கைத்தடிக்கும் அந்தச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. நாற்காலிக்கு விலக்குக்கூடத் தேவையில்லை!

வாளுக்கு எடுத்து வைத்த காசு கையில் இருந்தால், கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை பாருங்கள். நிறைய வீடுகளில் அரை அங்குலத் திருகாணி நான்கு, அதிலும் இரண்டு துருப்பிடித்து, ஒன்று காணாமல் போயிருக்கும். தோளால் நன்றாக ஒரு இடி இடித்தால் நிலையோடு பெயர்ந்து வரும். அதை எடுத்துவிட்டு, நிலைச்சட்டத்துக்குள் ஆழமாக இறங்குகிற மூன்று அங்குலத் திருகாணி போட்டுக் கனமான தாழ்ப்பாளாக மாற்ற ஒரு ஆசாரிக்கு அரை நாள் வேலை. கொல்லைப்பக்கம் ஒரு விளக்கு. கட்டிலுக்குப் பக்கத்தில் டார்ச், அதில் பேட்டரி. ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, பேப்பர்காரரிடமும் பால்காரரிடமும் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போங்கள். ஹாஸ்டலில் இருந்து கிளம்பும்போது, எத்தனை மணியானாலும், வீட்டுக்கு ஒரு போன் அடித்துவிட்டுப் போய்ச் சேருங்கள்.