கிழக்கு பார்த்த வீடுன்னு காட்டுற ஆப், ஏலத்துக்குப் போகிற வீடுன்னு ஏன் காட்டுறதில்லை?

வீடு தேடுற ஆப் எதையாவது திறந்து பாருங்க. எத்தனை பெட்ரூம், எந்த மாடி, கிழக்கு பார்த்ததா, கார் நிறுத்த இடம் இருக்கா, பேச்சுலருக்குத் தருவாங்களா... எல்லாத்துக்கும் ஃபில்டர் உண்டு. 'இந்த வீட்டு மேல பேங்க் நடவடிக்கை ஏதாவது ஓடுதா?' என்ற கேள்விக்குப் பொதுவா அங்கே பதில் கிடைக்காது. வாங்கப் போறவருக்கு மட்டுமில்லை, லீசுக்குப் போறவருக்கும் பல லட்சத்தைத் தீர்மானிக்கிற கேள்வி அது.

'ஏல வீடுகள்'னு தனிப் பக்கம் வச்சிருக்கிற தளங்கள் இருக்கே என்பீங்க. அங்கே வர்றது வங்கி ஏலத் தேதியே குறிச்சுட்ட வீடுகள். சிக்கல் அதுக்கு முந்தைய மாதங்களில் இருக்கு.

இஎம்ஐ கட்டாம 90 நாள் தாண்டினா கடன் 'என்பிஏ', அதாவது வாராக்கடன் ஆகிடும். 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டப்படி, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வங்கி அந்த வீட்டை எடுத்து விற்கலாம். முதல் படி 60 நாள் நோட்டீஸ். அது வங்கிக்கும் கடன்காரருக்கும் இடையில் போகிற கடிதம், அக்கம்பக்கத்துக்குக்கூடத் தெரியாது. அதுக்கும் பணம் வரலைன்னா சுவாதீன அறிவிப்பு. அதை வீட்டு வாசலில் ஒட்டணும், ஏழு நாளுக்குள் இரண்டு பேப்பரில் விளம்பரமா போடணும், அதில் ஒண்ணு உள்ளூர் மொழிப் பேப்பரா இருக்கணும். அப்புறம் ஏல அறிவிப்பு. முதல் ஏலம்னா 30 நாள் இடைவெளி வேணும்.

ஆக, முதல் கடிதத்தைத் தவிர மத்த எதையும் சட்டம் ரகசியமா வைக்கச் சொல்லலை. ஆனா அந்தத் தகவல் உங்க போன் திரைக்கு வர்றதில்லை. காரணம், ஒரே வீட்டை ரெண்டு இடத்திலும் ரெண்டு விதமா எழுதுறாங்க.

ஆப்பில், 'சோழிங்கநல்லூரில் 2 பிஎச்கே, ஐடி பார்க் பக்கம், லிஃப்ட் உண்டு'ன்னு இருக்கும். போட்டோ இருக்கும், கதவு எண் இருக்காது, சர்வே எண் இருக்கவே இருக்காது. வங்கி அறிவிப்பில் போட்டோவைப் பார்க்கிறது அபூர்வம். சர்வே எண், பிரிக்கப்படாத பாகம் இத்தனை சதுர அடி, வடக்கே இன்னார் மனை, தெற்கே 20 அடி ரோடுன்னு பத்திர மொழியில் ஓடும். அந்த சர்வே எண்ணும் பழைய பத்திரத்தில் உள்ளதா, உட்பிரிவு ஆன பிறகு பட்டாவில் ஏறினதான்னு பார்க்கணும். ஊர் பேரை இங்கிலீஷ்ல அடிக்கும்போது 'எஸ்'ஸில் ஆரம்பிக்கிறதா, 'எஸ்-எச்'சில் ஆரம்பிக்கிறதான்னே ஆளாளுக்கு மாறும். பேப்பர் விளம்பரம் இ-பேப்பரில் வெறும் படம், தேடினா சிக்காது. மனுஷனே ரெண்டையும் பக்கத்தில் வச்சுப் பார்த்தாலும் ஒரே வீடுதான்னு சொல்லத் தடுமாறுவான். கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

சரி, வில்லங்கம் போட்டுப் பார்த்தா? தமிழ்நாட்டில் வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை தளத்திலேயே இலவசமா பார்க்கலாம். பத்திரத்தை அடமானம் வச்சிருந்தா அந்தப் பதிவு, எம்ஓடி, அதில் வரும். கடனை அடைச்சு ரசீது பதிஞ்சிருந்தா அதுவும் வரும். ரசீது இல்லைன்னா கடன் இன்னும் ஓடுதுன்னு எடுத்துக்கலாம். ஒழுங்கா ஓடுதா, 60 நாள் நோட்டீஸ் வந்து நிக்குதான்னு அதில் தெரியாது. நோட்டீஸ் பதிவு செய்யப்படுற ஆவணம் இல்லையே. மாசாமாசம் சரியா இஎம்ஐ கட்டுறவர் வீடும், ஏலத்துக்குப் போகப்போற வீடும் வில்லங்கத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பொதுத்துறை வங்கிகள் எடுத்த சொத்துகளுக்காக 2025 ஜனவரியில் 'பேங்க்நெட்' என்ற புது தளம் வந்தது. ஆரம்பத்திலேயே 1,22,500-க்கும் மேற்பட்ட சொத்துகள் அதில் ஏற்றப்பட்டதா மத்திய அரசு சொன்னது. நல்ல விஷயம்தான். ஆனா தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் கம்பெனிகளும் தங்களோட ஏலத்தைத் தனித்தனித் தளங்களில் நடத்துறாங்க. 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இன்னொரு உத்தரவும் போட்டது: சர்ஃபாசியில் கையகப்படுத்தின சொத்துகளின் பட்டியலை ஒவ்வொரு நிறுவனமும் தன் வெப்சைட்டில் வெளியிடணும், மாசாமாசம் புதுப்பிக்கணும். அந்தப் பட்டியலில் கடன் வாங்கினவர் பேரும் ஜாமீன் போட்டவர் பேரும்கூட வரும். ஒரு வீட்டைப் பத்தித் தெரிஞ்சுக்க, எந்த வங்கியில் கடன்னு முதலில் தெரிஞ்சிருக்கணும்; அப்புறம் அந்த வங்கியோட பட்டியலைத் தோண்டணும். கடனாளி பேர் ஊருக்கே தெரியுற மாதிரி இருக்கு. எச்சரிக்கை போய்ச் சேரவேண்டிய ஆளுக்குப் போகலை. எனக்கு இது தலைகீழா படுது. பேரே வேண்டாம், வீட்டோட நிலைமை மட்டும் விளம்பரத்தில் ஒட்டியிருந்தா போதும்.

பட்டியலில் வீட்டைக் கண்டுபிடிச்சுட்டாலும் ஒரு வார்த்தையில் கண் வைக்கணும். 'சிம்பாலிக் பொசஷன்'னு இருந்தா, வங்கி பேப்பரில்தான் எடுத்திருக்கு. உள்ளே அந்தக் குடும்பம் இன்னும் சமைச்சு சாப்பிட்டுட்டு இருக்கலாம். 'பிசிக்கல் பொசஷன்'னா சாவி வங்கி கையில். முதல் வகை வீட்டை ஏலத்தில் எடுத்தா, குடியிருக்கிறவங்களை வெளியேத்துற வேலை பாக்கி இருக்கும்; கலெக்டர் அல்லது தலைமை மாஜிஸ்திரேட் உத்தரவு வரைக்கும் போகணும். சந்தையை விட விலை குறைவா இருக்கேன்னு துள்ளுறதுக்கு முன்னாடி அந்த வார்த்தையைத் தேடுங்க. 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையில்தான் விற்பாங்க. சொத்து வரி பாக்கி, அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் பாக்கி உங்க தலையில் விழலாம்.

விற்கிறவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2016-ல் வந்த சட்டத் திருத்தப்படி, ஏல அறிவிப்பு வெளியாகிற நாள் வரைதான் முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்க முடியும். 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சிருக்கு. அந்தத் தேதிக்கு முன்னாடி தானே வித்துட்டா, ஏலத்தில் போறதை விட நல்ல விலை கிடைக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் 'அவசர விற்பனை' விளம்பரம். நோட்டீஸ் வந்த பிறகு விற்கிறதுன்னா வங்கியோட எழுத்துபூர்வ சம்மதம் வேணும். அதை வாங்கி, நேரா வங்கிக் கணக்குக்கே பணம் போகிற மாதிரி முடிச்சா யாருக்கும் நஷ்டமில்லை. விவரத்தைச் சொன்னா எவனும் வாங்க மாட்டான்னு பயந்து மறைக்கும்போதுதான் வம்பு.

இதில் அதிகம் மாட்டக்கூடியவங்க லீசுக்குப் போறவங்க. பல லட்சத்தை மொத்தமா கொடுத்துட்டு வாடகை இல்லாம இருக்கிற ஏற்பாடு. கடனில் தத்தளிக்கிற ஓனருக்கு மாச வாடகையை விட அந்த மொத்தப் பணம்தான் இனிக்கும். 60 நாள் நோட்டீஸ் வந்த பிறகு வங்கி சம்மதம் இல்லாம லீசுக்கு விடவும் சட்டம் அனுமதிக்கலை. ஆனா நோட்டீஸ் வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீசைப் பதிவு செய்யணும். பலர் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி முடிச்சுக்கிறாங்க. பதிவில்லாத ஒப்பந்தத்தைக் காட்டி வங்கியை நீண்ட காலம் தடுக்க முடியாதுன்னு 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கொடுத்த பணத்தை ஓனர்கிட்டதான் கேட்கணும், அவர் கையில் இருந்தா.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி வில்லங்கத்தைப் பாருங்க. எம்ஓடி இருந்து ரசீது இல்லைன்னா, கடைசி ஆறு மாச லோன் ஸ்டேட்மென்ட்டை ஓனர்கிட்ட கேளுங்க. வங்கியோட பட்டியலில் சர்வே எண்ணை வச்சுத் தேடுங்க. எதிர் வீட்டிலும் ஒரு வார்த்தை விசாரிங்க. வாசலில் ஏதாவது ஒட்டியிருந்தா அவங்க கண்ணில் பட்டிருக்கும். "இதெல்லாம் எதுக்குத் தம்பி?"ன்னு ஓனர் முகம் சுளிச்சா, அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பிடுங்க.