கைக்கடிகாரத்தின் சாட்சியம்

ஹிருதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து துடிக்கும் 'ஏட்ரியல் பிப்ரிலேஷன்' என்னும் வியாதி பலரிடம் யாதொரு குறியுமின்றி இருந்து வருகிறது. மேலறையில் தேங்கிய இரத்தம் உறைந்து, மூளைக்குச் சென்று, பாரிசவாயு கண்ட அன்றுதான் சிலர் அதனை முதன்முதலாக அறிகின்றனர். இவ்வியாதியுடையார்க்குப் பாரிசவாயு அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதனை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும் என்று இன்று கைக்கடிகாரங்கள் விற்கப்படுகின்றன. விளம்பரத்தை அப்படியே நம்பவும், பரிகசித்துத் தள்ளவும் நாம் தயாராயில்லை.

ஆப்பிள் கம்பெனியின் பொருளுதவியால் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2019-ல் வெளியாயிற்று. சேர்ந்தவர் 4,19,297 பேர். தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி நாடியை அளக்கும் கடிகாரம் எச்சரித்தது 2,161 பேரை. மார்பில் ஒட்டும் ஈ.ஸி.ஜி. கருவியை அணிந்து, ஆராயத்தக்க பதிவைத் திருப்பியனுப்பியவர் 450 பேர். அவர்களில் நூற்றுக்கு 34 பேரிடமே வியாதி தென்பட்டது. மற்றவையெல்லாம் பொய்ப் பிராது என்று சிலர் வாதிப்பர். அவ்வாதம் செல்லாது. இவ்வியாதி வந்து வந்து மறைவது. ஒட்டுக்கருவியோ சுமார் இரண்டு வாரம் கழித்து அணியப்பட்டது. நேற்று நடந்ததைச் சொன்ன சாட்சியை, இன்று காணவில்லை என்பதற்காகப் பொய்யனென்று எந்த நியாயாதிபதியும் தள்ளமாட்டார். கருவி மார்பிலிருக்கையிலேயே கடிகாரமும் எச்சரித்த சந்தர்ப்பங்களில் நூற்றுக்கு 84 பொருந்தியிருந்தது.

நமது ஆட்சேபம் வேறு. இவ்வியாதி முதியோர்க்கே மிகுதியாய் வருவது. ஆனால் அவ்வாராய்ச்சியில் சேர்ந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர் நாற்பது வயதுக்குட்பட்டவர். அறுபத்தைந்தைக் கடந்தோர் நூற்றுக்கு ஆறு பேரளவே. வேண்டியவர் கையில் இல்லாத கடிகாரம் வேண்டாதவர் கையில் மணியடிக்கிறது!

மேலும், கண்டுபிடிப்பதும் காப்பாற்றுவதும் ஒன்றல்ல. டென்மார்க்கில் சுமார் 6,000 முதியோரைக் கொண்டு நடந்த பரீட்சையில், ஒரு பகுதியினர்க்குத் தோலுக்கடியில் கருவி பொருத்தினர். மற்றவரைவிட அவர்களிடம் மும்மடங்கு வியாதி வெளிப்பட்டது. பாரிசவாயுவோ நிச்சயமாய்ச் சொல்லத்தக்க அளவில் குறையவில்லை. இது 2021-ல் வெளியான செய்தி.

ஆகவே கடிகாரம் எச்சரித்தால் வைத்தியரிடம் சென்று ஈ.ஸி.ஜி. எடுத்துக்கொள்க. அதன் சொல்லை மட்டும் நம்பி, இரத்தப்பெருக்கு உண்டாக்கக்கூடிய உறைதடை மருந்தை உட்கொள்வது ஆபத்து. அது மௌனமாயிருப்பதால் மார்வலியை அலட்சியம் செய்வது அதனினும் பெரிய ஆபத்து. மாரடைப்பை இக்கடிகாரம் கண்டறியாது என்று அதைச் செய்தவர்களே அறிவித்திருக்கின்றனர்.