டயர் எழுவாய்தான், வினைமுதல் அன்று

பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை விபத்துகளைப் பற்றிய செய்திகளில் ஒரே வாக்கிய வார்ப்பு திரும்பத் திரும்ப வருகிறது: டயர் வெடித்ததில் கட்டுப்பாட்டை இழந்த கார், தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. இவ்வாக்கியத்தில் மனிதர் எவரும் இல்லை. வெடித்தது டயர், கட்டுப்பாட்டை இழந்தது கார். ‘வெடித்தது’ இங்கே செயப்படுபொருள் குன்றிய வினை. இலை உதிர்ந்தது, மழை பெய்தது என்பவற்றின் வரிசையில் டயர் வெடித்ததும் போய் அமர்ந்துகொள்கிறது. எழுவாயும் வினைமுதலும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இலக்கண வகுப்பில் கற்றவர்கள்கூட, இச்செய்தியைப் படித்ததும் ‘விதி’ என்று சொல்லித் தாளை மடித்துவிடுகிறார்கள்.

நீதிமன்றம் அப்படி மடித்துவிடவில்லை. 2010 அக்டோபரில் புணேயிலிருந்து மும்பை சென்ற ஒரு கார், பின்சக்கர டயர் வெடித்துப் பள்ளத்தில் விழுந்தது. பயணம் செய்த ஒருவர் இறந்தார். இழப்பீட்டை எதிர்த்த காப்பீட்டு நிறுவனம், டயர் வெடிப்பு தெய்வச் செயல் என்று வாதிட்டது. 2023 மார்ச்சில் மும்பை உயர்நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. தெய்வச் செயல் என்பது மனிதக் கட்டுப்பாட்டுக்கு அடங்காத இயற்கை ஆற்றல்களின் விளைவு. டயர் வெடிப்பு அவ்வகையைச் சேராது, அது மனித அலட்சியம் என்றது. பயணத்துக்கு முன் டயரின் நிலையைப் பார்ப்பது ஓட்டுநர் அல்லது உரிமையாளரின் கடமை என்றும் சொன்னது. விடுபட்டிருந்த வினைமுதலை ஒரு தீர்ப்பு மீட்டெடுத்தது எனலாம்.

பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதிவேகம், குறைந்த காற்றழுத்தம், மிகைச் சுமை ஆகியவை டயரைக் கெடுக்கும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். வயது கெடுக்கும் என்றால் மட்டும் ஏற்பதில்லை. “வண்டி அதிகம் ஓடவே இல்லை, டயர் புதிது போல இருக்கிறது” என்பதே பதில். மானசகங்கோத்ரியின் மர நிழல்களில் நிற்கும் பேராசிரியர்களின் கார்களுக்கு இவ்வாக்கியம் கனகச்சிதமாகப் பொருந்தும். குடியிருப்பிலிருந்து துறைக்கு இரண்டு கிலோமீட்டர், விடுமுறையில் சேலத்துக்கோ கோயம்புத்தூருக்கோ ஒரு பயணம். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடும் காரில், 40,000 கிலோமீட்டர் உழைக்கும் டயரின் பள்ளங்கள் தேய்ந்து முடியப் பத்து ஆண்டுகள் ஆகும். ரப்பர் அதற்காகக் காத்திருப்பதில்லை.

ரப்பர் மூலக்கூற்றுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஆக்சிஜனும் ஓசோனும் அவற்றைத் தாக்குகின்றன. ஓசோன் வெளிப்புறத்தைத் தாக்கிப் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். அதைக் கண்ணால் காணலாம். அதைத் தடுக்க ரப்பரில் கலக்கப்படும் வேதிப்பொருளும் மெழுகும், டயர் ஓடி வளைந்து நெளியும்போதே நன்றாக மேற்பரப்புக்கு வந்து சேரும். நிறுத்தியே வைத்திருக்கும் காருக்கு அக்காப்பு குறைகிறது. ‘ஓட்டாமல் வைத்திருந்தேன்’ என்பது டயரைப் பொறுத்தவரை ஒரு நற்சான்றே அன்று.

உள்ளே நடப்பது இதைவிடக் கொடியது. டயருக்குள் அழுத்தத்தில் அடைபட்ட காற்றின் ஆக்சிஜன், உள்வரிப் பூச்சைக் கடந்து சிறிது சிறிதாக வெளிநோக்கிக் கசிகிறது. வழியில் எஃகுக் கம்பிப் பட்டைகளை ஒட்டவைத்திருக்கும் ரப்பரை அது கெட்டிப்படுத்துகிறது. நெகிழ்ச்சி போகிறது, பட்டையின் ஓரங்களில் நுண்வெடிப்புகள் தோன்றி நீள்கின்றன. ஒருநாள் வெயிலில், வேகத்தில், மேல்தோல் பட்டையிலிருந்து பிய்ந்து போகிறது. பத்து டிகிரி வெப்பம் கூடினால் இத்தகைய வினைகள் ஏறத்தாழ இருமடங்கு விரைவடையும் என்பது பொதுவான கணக்கு. மைசூரின் தட்பவெப்பம் மிதமானதுதான். ஆனால் மைசூருக் கார் மே மாதத்தில் திம்பம் மலைப்பாதையில் இறங்கித் தமிழ்ச் சமவெளிக்குத்தான் போகிறது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1.44 கோடி டயர்களைத் திரும்பப் பெற்றபோது, பட்டை பிரிந்த விபத்துகள் டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா, கலிஃபோர்னியா ஆகிய வெப்ப மாநிலங்களில் குவிந்திருந்தன. வடிவமைப்பு, ஆலைக் குறைபாடு என வேறு காரணங்களும் அதில் உண்டு. பிரித்தானிய நிகழ்வில் அந்தக் குழப்பம் இல்லை. 2012 செப்டம்பரில் ஓர் இசைவிழாவிலிருந்து திரும்பிய பேருந்தின் முன்டயர் பழுதாகி மூவர் இறந்தனர். டயரின் வயது பத்தொன்பதரை. இறந்தவர்களுள் ஓர் இளைஞருக்கு வயது பதினெட்டு. பள்ளங்களின் ஆழம் போதுமானதாக இருந்ததால், அந்த டயர் அன்றைய சட்டப்படி குற்றமற்றது! இறந்த இளைஞரின் தாய் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பேருந்துகளின் முன்அச்சில் பத்து வயது கடந்த டயர்கள் அங்கே தடைசெய்யப்பட்டன. கார்களுக்கு அத்தடை இன்னும் இல்லை.

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94ஆம் விதி கார் டயரின் பள்ளத்துக்கு 1.6 மில்லிமீட்டர் எல்லை வகுக்கிறது. தேய்மானத்துக்கு விதி உண்டு, மூப்புக்கு இல்லை. சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதுவரை புகைச் சான்றிதழைக் கேட்பவர்கள் உண்டு, டயரின் பிறந்த தேதியைக் கேட்பவர் இல்லை.

அத்தேதி டயரிலேயே இருக்கிறது. பக்கச்சுவரில் நீண்ட எழுத்தெண் வரிசையின் இறுதியில் நான்கு இலக்கங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கறுப்பில் கறுப்பாக வார்க்கப்பட்ட அவ்வரி, பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும். அப்பக்கம் உள்நோக்கிப் பொருத்தப்பட்டால், காருக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். எழுதியவர் உண்டு, எழுத்து உண்டு, படிக்க வேண்டியவர் மட்டும் கணக்கில் எடுக்கப்படவில்லை. 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்கும் ஊர் இது. விக்ராந்த் என்ற பெயரில் தொடங்கி 1997இல் ஜே.கே. குழுமத்திடம் சென்ற டயர் ஆலை மேட்டகள்ளியில் இருப்பதும் இதே ஊரில்தான். எழுத்தை ஆராய்பவர்களும் டயரை வார்ப்பவர்களும் சில கிலோமீட்டர் இடைவெளியில் வாழும் ஊரில், டயரின் மீதுள்ள எழுத்து எவர் ஆய்வுக்கும் பொருளாகவில்லை.

மக்கள் குறியீடுகளைப் படிக்க மாட்டார்கள் என்ற சமாதானம் செல்லாது. எரிவாயு உருளையின் கழுத்தில் உள்ள ஏ, பி, சி, டி எழுத்துகள் ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிப்பதையும், பக்கத்து எண் அடுத்த சோதனைக்குரிய ஆண்டு என்பதையும் எத்தனையோ இல்லத்தரசிகள் அறிவார்கள். அதே அடுப்பின் ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறோம். அது தேய்ந்துவிட்டதா என்று எவரும் கேட்பதில்லை. ரப்பருக்கு வயது உண்டு என்பதைச் சமையலறை ஏற்றுக்கொண்டது, கார் நிறுத்துமிடம் ஏற்கவில்லை.

எதிர்வாதம் இரண்டு. டயரின் மூப்பு வெப்பத்தையும் பராமரிப்பையும் பொறுத்தது, ஆகவே ஒரே வயதெல்லையை அறிவியல் வகுக்க முடியாது என்பது முதலாவது. உண்மைதான், மருந்துக்கும் அதே நிலைதான், எனினும் அட்டையில் தேதி இருக்கிறது. இது டயர் விற்பனையைப் பெருக்கும் தந்திரம், ஏழைகளின் தலையில் சுமை என்பது இரண்டாவது. வாடகைக் கார் ஓட்டுநரின் டயர் மூப்படையும் முன்பே தேய்ந்துவிடும், ஆகவே வயதெல்லை அவரைத் தொடாது. அது தொடுவது அதிகம் ஓட்டாத நடுத்தர வர்க்கத்தையே. அவ்வர்க்கம் கழற்றிப்போடும் ‘பள்ளம் நன்றாக உள்ள’ டயர், கறுப்புப் பூச்சு பெற்றுப் பழைய டயர் கடையில் குந்தி, பின்னர் சரக்கு வண்டி ஒன்றில் ஏறுகிறது. தேதி தெளிவாக இல்லாததன் முழு விலையைக் கொடுப்பவர் அதை வாங்கும் ஏழையே.

வேண்டியவை எளியவை. உற்பத்தி மாதமும் ஆண்டும் டயரின் இரு பக்கங்களிலும் சாதாரண எண்களில் இருக்க வேண்டும், பிஸ்கட் பொட்டலத்தில் இருப்பதைப் போல. பழைய டயர் விற்பனைச் சீட்டில் அத்தேதி எழுதப்பட வேண்டும். விதி வரும்வரை உரிமையாளர் செய்யக்கூடியது: ஐந்து ஆண்டு கடந்ததும் ஆண்டுதோறும் டயரைக் கழற்றி உட்புறமும் பார்க்கச் சொல்வது, வெயிலில் நின்ற, அதிகம் ஓடாத கார் என்றால் ஆறு ஆண்டுகளில் மாற்றிவிடுவது, பத்து ஆண்டு கடந்ததை, பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஓட்டாமல் இருப்பது. பல டயர் நிறுவனங்களே பத்து ஆண்டை உச்சவரம்பாகச் சொல்கின்றன. ஸ்டெப்னிக்கும் இக்கணக்கு பொருந்தும். டிக்கிக்குள் கிடந்தாலும் அதனுள்ளும் அழுத்தக் காற்று இருக்கிறது. நான்கு டயர்களை மாற்றும் நாளில், கழற்றியவற்றுள் ‘நல்லதாக’ ஒன்றைக் கடைக்காரர் ஸ்டெப்னியாக எடுத்து வைப்பார். அதன் நான்கு இலக்கங்களைப் படித்த பிறகே டிக்கியைத் திறக்கலாம்.