பேரூராட்சி மீது சிவில் வழக்கு போட முடியுமா? கோர்ட் படி ஏறுவதற்கு முன்பே ஓடத் தொடங்கும் கெடு

மழைக்காலம் வந்தால் குழித்தறி வைத்திருக்கும் வீடுகளில் ஒரு பயம் இருக்கும். தெருக் கால்வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் முதலில் இறங்குவது தறிக்குழிக்குள்தான். பட்டுப் பாவில் கழிவுநீர் பட்டால் அந்தப் பாவு அவ்வளவுதான்.

வாலாஜாபாத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் அப்படி நடக்கிறது என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கால்வாயைத் தூர்வாரச் சொல்லி மனு மேல் மனு கொடுத்தும் வேலை நடக்கவில்லை. நஷ்டத்தை யாரிடம் கேட்பது? பேரூராட்சி மீது வழக்கு போட முடியுமா?

முடியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மீது போடுவது போல நேராக கோர்ட்டுக்குப் போய்விட முடியாது. நஷ்டம் உண்மையா, பொய்யா என்று நீதிபதி பார்ப்பதற்கு முன்பே நோட்டீஸிலும் தேதியிலும் சிக்கி வழக்கு விழுந்துவிடலாம்.

முதலில் நோட்டீஸ், பிறகுதான் கோர்ட்

அரசு மீதோ, அரசு அதிகாரி தன் பணி சார்ந்து செய்த செயலுக்காகவோ வழக்கு போடுவதற்கு 2 மாதம் முன்பே எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80வது பிரிவு. பேரூராட்சி நேரடியாக 'அரசு' அல்ல. ஆனால் செயல் அலுவலரையோ மாவட்ட ஆட்சியரையோ வழக்கில் சேர்த்தால் இந்தப் பிரிவு வந்துவிடும்.

இதுபோக, உள்ளாட்சிச் சட்டங்களும் தனியாக நோட்டீஸ் கேட்கும். 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் நஷ்டஈடு வழக்குக்கு 2 மாத நோட்டீஸும், 6 மாதத்துக்குள் வழக்கு போட வேண்டும் என்ற கெடுவும் இருந்தன. இப்போது நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1998ஆம் ஆண்டு சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எனவே நஷ்டம் நடந்த தேதியைச் சொல்லி, எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை வக்கீலிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு வேறு, சட்ட நோட்டீஸ் வேறு. வழக்கு போடுபவரின் பெயர், முகவரி, என்ன நடந்தது, என்ன நிவாரணம் வேண்டும் என்பதெல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும். அதற்காக மனு ரசீதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. 'எங்களுக்குத் தெரியவே தெரியாது' என்று அதிகாரிகள் பின்னால் சொன்னால், அதை உடைக்கும் முதல் ஆவணம் அந்த ரசீதுதான்.

வீடு இடிபடும் நிலை மாதிரி அவசரம் என்றால்? கோர்ட்டின் அனுமதி பெற்று நோட்டீஸ் இல்லாமலே அரசு மீது வழக்கு போடலாம். ஆனால் அரசுத் தரப்பைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு கிடைக்காது.

சட்டப்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கோ, செய்யத் தவறியதற்கோ நஷ்டஈடு கேட்க, காலவரையறைச் சட்டம் தரும் பொதுவான கெடு 1 வருடம். சட்டம் கட்டாயப்படுத்தும் நோட்டீஸ் காலம் இந்தக் கணக்கில் சேராது. 'அடுத்த மழைக்குள் சரி செய்து தருகிறோம்' என்ற வாய்வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்தால் கெடு நிற்காது.

கோர்ட்டில் என்ன நடக்கும்?

நஷ்டஈடு கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். சம்மன் கிடைத்த 30 நாளில் எதிர்த்தரப்பு பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும், 90 நாள் வரை நீட்டிக்கலாம். அமெரிக்காவில் ஒரு நகர நிர்வாகம் ஃபெடரல் கோர்ட்டில் வழக்கைச் சந்தித்தால் பதில் தர வழக்கமான கெடு 21 நாள்தான்.

கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது, தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை நேரில் பார்க்க வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லி மனு போடலாம். தண்ணீர் வடிந்து சுவர் காய்ந்த பிறகு போட்டுப் பயனில்லை.

நெசவாளர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கூட்டுறவுச் சங்கத்துக்கோ முதலாளிக்கோ கூலிக்கு நெய்பவர் என்றால் பட்டும் ஜரிகையும் அவருடையது அல்ல. அவர் தன் பெயரில் கேட்கக் கூடியது இழந்த கூலி, தறி பழுது, வீட்டுச் சேதம் ஆகியவற்றை. பாவுக்கான நஷ்டத்தைக் கேட்க வேண்டியது அதன் உரிமையாளர். பாவு கொடுத்த சீட்டு, கூலிப் புத்தகம் எல்லாம் இங்கே முக்கியம்.

ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு?

டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து 3 பேர் இறந்த வழக்கில், 1966இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியே பொறுப்பு என்றது. கட்டடத்துக்கு வயது சுமார் 80, அந்த வகைக் கட்டுமானத்தின் ஆயுளோ 40-45 வருடம்தான். மாறாக, ராஜ்கோட்டில் 1975இல் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்தார். கீழ் நீதிமன்றங்களில் அவருடைய குடும்பம் ஜெயித்தது. ஆனால் 1997இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சிக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது. 22 வருடம் கழித்து வந்த தோல்வி அது. ஆபத்து முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதா என்ற கேள்விக்கு இரண்டு வழக்கிலும் எடை இருந்தது. நம் உதாரணத்தில் மனு ரசீது கனம் பெறுவது இதனால்தான்.

பணம் வேண்டாம், கால்வாய் சரியானால் போதும் என்பவர்களுக்கு வேறு வாசல்களும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் 226வது பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152வது பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடமும் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133வது பிரிவுதான் இது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகர மக்கள் சாக்கடைக்காக அந்தப் பிரிவைத்தான் பிடித்தார்கள். 'கையில் பணமில்லை' என்ற நகராட்சியின் வாதத்தை 1980இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் கோட்டாட்சியர் உத்தரவால் தொல்லை நீங்குமே தவிர, வீணான பாவுக்குப் பணம் வராது. அதற்கு சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அந்த 2 மாத நோட்டீஸோடு.