சிவப்பு எழுத்தெல்லாம் ஆபத்தல்ல

எமது கடைக் கணக்குகள் யாவும் ஒரு சேர்வர் கணனியில் உள்ளன. அண்மையில் அதனைப் பரிசோதித்த நிறுவனமொன்று நாற்பது பக்க அறிக்கை தந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு எழுத்து. 'உடனே சேர்வரை மாற்றாவிட்டால் கணக்கெல்லாம் கள்வர் கைக்குப் போய்விடும்' என்றார்கள். கூடவே விலைமனுவும் வந்தது.

கணனி படிக்கும் என் மகன் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "வாப்பா, இது ஓபன்வாஸ் அறிக்கை. திறந்த மூல மென்பொருள். எதை வைத்து முடிவெடுத்தது என்று நாமே பார்க்கலாம்" என்றான். பார்த்தோம்.

முதலாவது சிவப்பு, ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் 2024 ஜூலையில் வெளிவந்த குறைபாடு. 9.8 பதிப்பில்தான் திருத்தம் வந்தது. எமது டெபியன் 12 சேர்வரில் இருப்பதோ 9.2. ஆனால் டெபியன் அமைப்பினர் பதிப்பு இலக்கத்தை மாற்றாமல், பழைய பதிப்பிலேயே திருத்தத்தைச் சேர்த்து வெளியிடுபவர்கள். இலக்கத்தின் வாலில் 'டெப்12யு3' என்றிருந்தால் குறை தீர்ந்துவிட்டது. எமது சேர்வரில் அது இருந்தது. பழைய சாக்கைப் பார்த்து உள்ளே இருக்கும் புதிய அரிசியைப் பழுது என்ற கதைதான்!

ஒவ்வொரு முடிவையும் எத்தனை வீதம் நம்பலாம் என்று ஓபன்வாஸ் தானே குறிக்கிறது. தாக்கிப் பார்த்தே உறுதிசெய்தால் 100. நம்பகமற்ற பதிப்பு இலக்கத்தை மாத்திரம் பார்த்திருந்தால் 30. வழமையாக 70 வீதத்துக்குக் குறைந்தவற்றை அது மறைத்தே காட்டும். எமக்குத் தந்த அறிக்கையிலோ அந்த வடிகட்டி நீக்கப்பட்டிருந்தது.

அதற்காக அறிக்கையைக் குப்பையில் போடவில்லை. முப்பதாம் பக்கத்தில் ஒரு வரி முழு உண்மை: எமது ரவுட்டரின் கடவுச்சொல் தொழிற்சாலையில் இட்டதுபடியே இருந்தது. ஐந்து நிமிடத்தில் செலவின்றி மாற்றினோம். பொய் எச்சரிக்கையின் பெரிய நட்டம் பணமல்ல. அந்தக் கூட்டத்தில் உண்மை எச்சரிக்கை கண்ணில் படாமல் போவதே.

சகோதர வியாபாரிகளே, இப்படியோர் அறிக்கை வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதை வைத்து இந்த முடிவு? நம்பகம் எத்தனை வீதம்? சேர்வரில் உள்ள திருத்தத்தை நேரில் பார்த்தீர்களா? பதில் கிடைத்த பின்னர் பணப்பெட்டியைத் திறக்கலாம்.

வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத் எமக்குக் கற்பிக்கிறது. அந்தப் பாடம் கணனி தரும் செய்திக்கும் பொருந்தும்.