நடக்கச் சொல்றதுக்கு முதல் ஒரு றோட்டைத் தாங்க

ஒவ்வொரு ஒக்டோபர் 10ஆம் திகதியும், உலக மனநல தினம் என்ற பேரில, எங்களுக்கு ஒரு பட்டியல் வந்து சேரும். வெள்ளன எழும்புங்க. அரை மணித்தியாலம் நடங்க. ஏழெட்டு மணித்தியாலம் நித்திரை கொள்ளுங்க. படுக்க முதல் ஃபோனைத் தள்ளி வைங்க. நம்பிக்கையான ஆளோட மனசு விட்டுக் கதைங்க. நன்றி சொல்ல மூன்று விஷயத்தை டயறியில எழுதுங்க. பின்னால ஒரு சூரிய உதயம், முன்னால கையை விரிச்சு நிற்கிற ஒரு பெண். அவள் எந்த ஊர்ப் பெண் என்று மட்டும் தெரியாது. நிச்சயமா மட்டக்களப்பு இல்லை.

பட்டியல் பொய் இல்லை. அதை முதலே சொல்லிர்றன். வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைஞ்சது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேணும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நித்திரை கெட்டா பதகளிப்புக் கூடும்; பதகளிப்புக் கூடினா நித்திரை கெடும். தனிமை மனசை அரிக்கும். இதெல்லாம் ஆராய்ச்சியில நிரூபிச்ச விஷயம், எங்கட அம்மம்மாக்களுக்கும் தெரிஞ்ச விஷயம்.

என்ட சண்டை வேற. இந்தப் பட்டியல் எப்பவும் ஒரு தனி ஆளைப் பார்த்துத்தான் கதைக்குது. அவளுக்குச் சொந்தமா ஒரு அறை, சொந்தமா ஒரு மணித்தியாலம், பயமில்லாத ஒரு றோட்டு எல்லாம் இருக்கு, பழக்கம் மட்டும்தான் இல்லை என்ற மாதிரி. பிறகு அவளால ஏலாமப் போனா, பிழை அவளில. "சொன்னோமே, நீங்க செய்யல்லத்தானே?"

சரி, ஒவ்வொன்றாப் பார்ப்போம்.

முதலாவது, நடை. மட்டக்களப்பில நடக்க இடமா இல்லை? நாங்க ஆறு எண்டு சொல்ற வாவி இருக்கு. கல்லடிக் கடற்கரை இருக்கு. காந்திப் பூங்கா இருக்கு. பாடுமீனுக்குப் பேர்போன கல்லடிப் பாலம் இருக்கு. ஆனா பின்னேரம் ஆறரைக்குப் பிறகு அந்த இடங்களில யார் இருக்கிறாங்க என்று ஒருக்காப் போய் எண்ணிப் பாருங்க. பொடியன்மார் ஒன்பது மணி வரைக்கும் பாலத்துச் சுவரில சாய்ஞ்சு நிற்பாங்க. அது காற்று வாங்கிறது. அதே சுவரில ஒரு பெட்டை தனிய அரை மணித்தியாலம் நின்றா அதுக்குப் பேர் வேற. நாளைக்கு அவள்ட வீட்டுக்கு ஒரு மாமி வந்து, "என்ன கா, உன்ட மகள் பாலத்தில நிண்டாளாமே?" என்று கேட்பா. காலையில நடக்கலாமே என்பீங்க. காலையில தண்ணி பிடிக்கிறது, சமையல், தம்பிட சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் யார்ட வேலை என்று உங்களுக்கே தெரியும்.

இது ரவுண் கதை. ஆத்துக்கு அங்கால படுவான்கரைக்குப் போனா, 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு போக்குவரத்து லேசாயிட்டு, உண்மைதான். ஆனா இருட்டினா லைட் இல்லாத றோட்டுகள் இன்னும் கிடக்கு. எல்லையோர ஊர்களில யானை வரும். பொழுதுபட்ட பிறகு அங்க நடைப்பயிற்சி செய்யச் சொல்றது மனநல ஆலோசனை இல்லை, பகிடி.

இரண்டாவது, நித்திரை. கார்மன்ட்ஸ் பஸ்ஸுக்காக விடியக் கருக்கலிலேயே றோட்டில நிற்கிற அக்காமாருக்கு எட்டு மணித்தியாலக் கணக்கு யார் சொல்றது? அதை விடுங்க. படுத்தாலும் நித்திரை வராததுக்கு இங்க ஒரு பேர் இருக்கு: லோன். நுண்கடன் என்று நோட்டீசில எழுதிறது. யுத்தம் முடிஞ்ச பிறகு கிழக்கிலும் வடக்கிலும் வீட்டு வாசல் வரைக்கும் வந்த கடன். குழுவா எடுக்கணும், கிழமைக்குக் கிழமை கட்டணும். ஒருத்தி கட்டாட்டி மற்றவங்க கட்டணும். அதனால கடன்காரன் மட்டும் இல்லை, பக்கத்து வீட்டு மதினியும் எதிரியாகிறா. கடன் காசை மட்டும் திங்கல்ல, கதைக்கிற ஆளையும் சேர்த்துத் தின்றது.

2018இல் அரசாங்கமே இதை ஒரு நெருக்கடி என்று ஏற்றுக்கொண்டது. வறட்சி பாதிச்ச மாவட்டங்களில ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, கட்ட முடியாமல் நிலுவையான பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யிறதா அறிவிச்சது. வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு போட்டது. உச்சவரம்பே 35 என்றால் அதுக்கு முதல் எவ்வளவு என்று யோசிங்க. அதே வருசம் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கியும் இந்தக் கடன் பெண்களை என்ன பாடுபடுத்துது என்று தன்ட அறிக்கையில எழுதினார். இப்படி மூன்று லோனுக்கு நடுவில இருக்கிற ஒரு தாயிட்ட, "மூச்சை உள்ள இழுத்து, மெதுவா விடுங்க" என்று செயலமர்வில சொல்றோம். அவ இழுப்பா, விடுவா. செவ்வாய்க்கிழமை வசூலுக்கு ஆள் வரும்.

மூன்றாவது, மனசு விட்டுக் கதைக்கிறது. இந்த மாவட்டம் கதைக்காமல் வைச்சிருக்கிறது கொஞ்சமா? 2004 டிசம்பர் 26இல் நாவலடியைக் கடல் கொண்டு போனது. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில பிள்ளைகளும் சேர்த்துச் செத்தாங்க. 1990 செப்டம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில அகதிகளா இருந்தவங்களில 158 பேரை இராணுவம் கொண்டு போனது. அவங்க திரும்பி வரல்ல. அந்த நிலத்திலதான் இன்றைக்கும் பிள்ளைகள் படிக்கிறாங்க. "கடந்ததை விடுங்க, இன்றைய நாளில வாழுங்க" என்று அங்க ஒரு போஸ்டர் ஒட்டுறதுக்கு முதல், கடந்தது என்றால் என்ன என்று ஒருக்கா யோசிக்கணும். உடம்பு கிடைக்காத சாவு கடந்து போகாது. அந்தக் குடும்பத்துக்குத் தேவை டயறி இல்லை, பதில்.

கதைக்க யாரும் இல்லாத அந்தக் காலத்தில சனம் சும்மா இருக்கல்ல. 1990களில மட்டக்களப்பில ஆய்வு செய்த மானிடவியலாளர் பட்ரிசியா லோறன்ஸ் அதை எழுதியிருக்கிறா. காணாமல் போன பிள்ளையைத் தேடின தாய்மார் அம்மன் கோயில்களுக்குப் போனாங்க. தெய்வமாடி வாக்குச் சொல்றவங்க அவங்கட துயரத்தைத் தங்கட உடம்பில ஏற்றி, எல்லாருக்கும் முன்னால சத்தமாச் சொன்னாங்க. வெளியில வாய் திறந்தா உயிர் போகும் என்ற காலம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிட்டுப் போறது லேசு. ஆனா ஊர் கூடி நிற்கிற இடத்தில ஒரு தாய் அழலாம் என்ற அனுமதி அங்கதான் கிடைச்சுது.

இனி, "பழக்கம்தான் முக்கியம், சூழல் எல்லாம் சாட்டு" என்கிறவங்களுக்கு எங்கட நாட்டுக் கணக்கு ஒன்று. 1990களின் நடுப்பகுதியில தற்கொலை வீதத்தில உலகத்திலேயே முன்வரிசையில நின்ற நாடுகளில இலங்கையும் ஒன்று. அடுத்த 20 வருசத்தில அந்த வீதம் ஏறக்குறைய 70 வீதத்தால குறைஞ்சது. ஆய்வாளர்கள் கணக்குப்படி சுமார் 93,000 உயிர். எப்படி? நாங்க எல்லாரும் தியானம் பழகினதாலயா? அந்தக் காலத்தில யுத்தமும் நடந்தது, சுனாமியும் வந்தது. யாரும் திடீரென்று சந்தோசமாகல்ல. முக்கிய காரணம், ஆகக் கூடின நஞ்சான விவசாய இரசாயனங்களை அரசு படிப்படியாத் தடை செய்ததுதான். ஆத்திரத்திலயும் வேதனையிலயும் இருந்த மனிசருக்கு, பக்கத்தில சாவு இல்லாமல் போனது. அவங்க அந்த மணித்தியாலத்தைக் கடந்து உயிரோட வந்தாங்க. 1998இல் தற்கொலை முயற்சியைக் குற்றம் என்று சொன்ன சட்டமும் போனது. உலகம் இன்றைக்கும் எடுத்துக்காட்டாச் சொல்ற இந்த மாற்றம், ஒரு கையொப்பத்தால வந்தது. சூரிய உதயப் படத்தால வரல்ல.

"அப்ப சமூகம் திருந்துற வரைக்கும் நான் நித்திரை கொள்ளாமல் இருக்கிறதா?" என்று கேட்பீங்க. நல்ல கேள்வி. இல்லை. நித்திரை கொள்ளுங்க, நடங்க, கதைங்க. ஆனா தனியச் செய்யிற வேலையா அதை எடுக்காதீங்க. மட்டக்களப்பில பழக்கம் என்றது ஒருநாளும் தனி ஆள் விஷயமா இருக்கல்ல. கூத்துப் பழகிறதைப் பாருங்க. அண்ணாவியார் முன்னால மாதக் கணக்கில இரவு இரவாக் கூடி, ஆடி, பாடி, பிழை விட்டு, ஏச்சு வாங்கி, தேத்தண்ணி குடிச்சு வீட்ட போறது. உடற்பயிற்சியும் அதுதான், நட்பும் அதுதான். வைகாசியில கண்ணகி அம்மன் கோயிலடியில ஊரே கூடுறதும் அப்படித்தான். யுத்தத்துக்கு நடுவில, 1996இல், இங்க வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினவங்களும் பிள்ளைகளுக்குப் பட்டியல் குடுக்கல்ல. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து மண் குழைக்க, கதை கட்ட, விளையாட ஒரு தோட்டத்தைக் குடுத்தாங்க. முதல்ல இடம். பழக்கம் பிறகு வந்தது.

இதுக்காகப் பழசு எல்லாம் பொன் என்று சொல்லல்ல. கூத்துக் களரி நெடுங்காலம் ஆம்பிளைகள்ட இடம். பெண்கள் சுற்றி இருந்து பார்த்தாங்க. எங்கட ஊர்களில தாய்வழியில மகளுக்கு வீடு குடுப்பாங்க, ஆனா அந்த வீட்டு வாசலைத் தாண்ட நேரம் குறிப்பாங்க. கூட்டம் ஆறுதலும் தரும், கழுத்தையும் நெரிக்கும். அதனால எங்களுக்கு வேணும் என்றது பழைய கூட்டம் இல்லை, பெண்ணும் வந்து இருக்கக்கூடிய புதுக் கூட்டம்.

இன்னொன்று. சில நோவுக்குப் பழக்கம் மருந்தாகாது. கிழமைக் கணக்கா எழும்ப ஏலாமல், சாப்பிட மனமில்லாமல், வாழவே வேணாம் என்று இருக்கிற ஒருத்திக்கு நடைப்பயிற்சி சொல்றது, கால் முறிஞ்சவனுக்கு ஓடச் சொல்ற மாதிரி. அது சோம்பல் இல்லை, வருத்தம். அரசாங்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில வைத்தியம் இலவசம். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். போறதுக்கு வெட்கப்படாதீங்க, போறவளைப் பார்த்துக் குசுகுசுக்காதீங்க.

அடுத்த ஒக்டோபருக்கு எங்கட பக்கத்தில இருந்து ஒரு பட்டியல் போகட்டும். வாவிக்கரை றோட்டுகளுக்கு லைட் போடுங்க. படுவான்கரைக்கு இரவு ஒரு பஸ் விடுங்க. வீடு வீடா வந்து வெருட்டிற கடன் வசூலை நிறுத்துங்க. கம்பஸ் ஒவ்வொன்றிலும், வீட்டுக்குப் போட்டுக் குடுக்காத, எங்கட மொழியில கதைக்கிற ஒரு உளவளத்துணையாளரை முழுநேரமா வைங்க. பகிடிவதைக்கு எதிரான 1998ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புத்தகத்தில இருந்து வெளிய எடுங்க. காணாமல் போனவங்கட குடும்பங்களுக்குப் பதில் சொல்லுங்க.

இதையெல்லாம் செய்ங்க. வெள்ளன எழும்புறதை நாங்க பார்த்துக்கொள்றம்.