தோட்டத்தில் பெரியவர்களுக்கும் பாடம் வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் வயதுவந்தோர் கல்விக்காக வேலை செய்கிறவர்கள் நாங்கள். எங்களில் சிலர் 1991-ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்துப் பாடம் சொன்னவர்கள். சிலர் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடப் பழகியவர்கள். தாவரத் தோட்டங்களிலும் தோட்டக்கலைப் பண்ணைகளிலும் நாற்றங்கால்களிலும் பெரியவர்களுக்கு என்ன கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியில் எங்கள் நிலை இதுதான்.

பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு தாவரத் தோட்டமும் பெரியவர்களுக்கென்று ஆண்டு முழுவதும் வகுப்பு நடத்த வேண்டும். அந்த வகுப்பில் பாதி நேரம் வந்திருக்கும் மக்கள் சொல்ல வேண்டும், தோட்டத்தார் எழுதிக்கொள்ள வேண்டும். அப்படிச் சொல்லித் தருகிறவருக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும், அந்த நாளுக்குரிய சம்பளத்தைத் தர வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறோம் என்பதற்கு ஒரு சின்னச் சம்பவம். மழை விட்ட ஒரு கார்த்திகைக் காலையில், கண்மாய்க்கரையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் செடி பார்த்துக்கொண்டு போனோம். படித்த பிள்ளை ஒருவர் கீழாநெல்லி என்று ஒரு கைப்பிடி பறித்துவந்தார். கூட வந்த அப்பாயி ஒருவர் அதை வாங்கி, ஒவ்வொரு கொத்தையும் குப்புறத் திருப்பி, கட்டைவிரலால் காய்களை வருடிப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார். “தம்பி, இதுல காய் வழவழன்னு காம்புல தொங்குது பாருங்க. அதுல காம்பே இல்லாம ஒட்டிக்கிட்டு, தொட்டா சொரசொரன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணில்ல.” இலையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பார்வை மங்கிவிட்ட அவருக்கு விரல் போதுமானதாக இருந்தது. நாட்டுமருந்துக் கடைச் சரக்கில் கீழாநெல்லியோடு அதன் உறவுச் செடிகள் கலந்து வருவதை ஆய்வாளர்கள் பலமுறை பதிவுசெய்திருக்கிறார்கள். அந்தக் கலப்பைப் பிரிக்கத் தெரிந்தவர் எங்கள் ஊரில் இருக்கிறார். எந்தத் தோட்டமும் இதுவரை அவரை அழைக்கவில்லை.

தாவரத் தோட்டம் என்ற ஏற்பாடே பெரியவர்களின் படிப்புக்காகப் பிறந்தது. இத்தாலியின் படுவா நகரில் 1545-ல் பல்கலைக்கழகத்துக்காக அமைந்த தோட்டம், மருத்துவம் படிப்பவர்கள் பச்சிலைகளைப் பிழையில்லாமல் அடையாளம் காண்பதற்காக ஏற்பட்டது. தவறான செடி நோயாளியைக் கொன்றுவிடும் என்ற பயம்தான் அங்கே பாடத்திட்டம். பின்னாளில் ஐரோப்பியர் நம் பக்கம் அமைத்த தோட்டங்களின் நோக்கம் வேறு. கல்கத்தா 1787, பேராதனை 1821, ஊட்டி 1848. ஆட்சியாளருக்கு ஆதாயம் தரும் பயிர்களை வரவழைத்து வளர்த்துப் பார்ப்பது அவற்றின் முக்கிய வேலைகளில் ஒன்று. இன்று ஊட்டித் தோட்டம் என்றால் மே மாத மலர்க் கண்காட்சிதான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. ஆரோவில்லில் 2003-ல் தொடங்கிய தாவரத் தோட்டம் நம் கடலோர மாவட்டங்களின் காட்டு மரங்களை மீட்டு வளர்க்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து அருமையாகச் சொல்லியும் தருகிறது. ஏற்காட்டில் குறிஞ்சி, திருக்கடையூரில் நெய்தல் என்று திணைவாரியாக மரபணுப் பூங்காக்களைத் தோட்டக்கலைத் துறை அமைத்தது. இவை எல்லாமே நல்ல வேலைகள். ஆனால் தோட்டக் கல்வி என்றதும் பேருந்தில் வந்திறங்கும் பள்ளிக்குழந்தைகள்தான் நம் கண்முன் வருகிறார்கள். ஐம்பது வயதுக்காரர் அங்கே டிக்கெட் எடுத்து நடந்துவிட்டு வரும் பார்வையாளர், அவ்வளவே.

குழந்தைகளுக்குக் கற்பிப்பதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. நிலத்தில் இன்று முடிவெடுக்கிறவர்கள் பெரியவர்கள் என்பதை நினைவூட்டுகிறோம். வரப்பிலிருக்கும் இலுப்பையை வெட்டுவதா விடுவதா, பட்டா நிலத்தில் தைலமரம் போடுவதா வேறு வைப்பதா, கோயில் காட்டை அழித்துச் சுற்றுச்சுவர் எழுப்புவதா என்பதையெல்லாம் இந்த வருடமே முடிவுசெய்யப் போகிறவர்கள் அவர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை வளர்ந்து வரும்வரை அந்த மரம் காத்திருக்காது.

எங்கள் மாவட்டத்தில் இது வெறும் பேச்சல்ல. தைலமரக் காடு எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதை இந்த மண்ணில் நடந்தவர்கள் அறிவார்கள். வனத்துறையும், 1974-ல் தொடங்கிய வனத்தோட்டக் கழகமும் போட்டவை அதில் பெரும்பகுதி. அதற்கு முன் இங்கே இருந்தது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. வீரை, காசா, உலக்கைப்பாலை, கருங்காலி, குருந்து, விளா என்று கோடையிலும் இலை உதிராமல் நிற்கும் குட்டையான காடு. இன்று அது துண்டுதுண்டாக, பெரும்பாலும் ஐயனார் கோயில்களைச் சுற்றி, சாமிக்குப் பயந்து குச்சி ஒடிக்காத கோயில் காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. மரமடக்கி, கரிசக்காடு போன்ற இடங்களில் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரம் மரமாக எண்ணி அளந்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. காட்டைக் காத்து வந்த ஊர்க்காரர்களுக்கு அவற்றின் ஒரு பக்கமாவது தமிழில் போய்ச் சேர வேண்டாமா?

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதத்துக்கு உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. அத்தனை கன்றுக்கும் விதை எங்கிருந்து வரும்? நல்ல தாய்மரத்தைத் தெரிந்துவைத்து, பழுக்கும் வாரத்தில் போய்ப் பொறுக்கினால்தான் வரும். வேப்பங்கொட்டை ஆனி, ஆடியில் உதிர்கிறது. சில வாரங்கள் கிடந்தாலே முளைக்கும் சக்தி போய்விடும். இலுப்பைக் கொட்டையும் அப்படித்தான், காயவைத்துச் சேமிக்க முடியாது. கொன்றை விதையோ வருடக்கணக்கில் கிடக்கும், ஆனால் தோல் கெட்டி. வெந்நீரில் போட்டெடுத்தால்தான் சீக்கிரம் முளைக்கும். இந்தக் கணக்குகளில் ஒரு பகுதி எங்கள் மக்களுக்குத் தெரியும், ஒரு பகுதி விஞ்ஞானிக்குத் தெரியும். இரண்டும் ஒரே மரத்தடியில் சந்திப்பதற்குத்தான் வகுப்பு கேட்கிறோம்.

பெயர்ப்பலகை விஷயத்திலும் எங்களுக்குத் தெளிவான கருத்து உண்டு. முதல் வரியில் வட்டாரப் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும். அறிவியல் பெயரும் கட்டாயம் வேண்டும். அதைத் தமிழ் எழுத்திலும் எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். காரணம் சொல்கிறோம். பாலை என்று நாம் சொல்லும் மரங்கள் எத்தனை! வெட்பாலை, குடசப்பாலை, ஏழிலைப்பாலை மூன்றும் அரளியின் குடும்பம். கோடையில் மஞ்சளாகப் பழுத்துப் பிள்ளைகள் அடித்துத் தின்கிற, இலங்கையின் வன்னித் தமிழர்கள் பாலைப்பழம் என்று கொண்டாடுகிற உலக்கைப்பாலை சப்போட்டாவின் குடும்பம். கீறினால் பால் வடிவதால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தார்கள் நம் முன்னோர்கள். மரத்தைப் பார்த்துப் பெயர் வைத்த கண் அது. ஆடாதொடை என்று சொன்னாலே ஆடு தொடாத இலை என்று கிடை போடுகிறவருக்கு விளங்கிவிடும். ஆனால் விதையை வெளியூருக்கு அனுப்பும்போதும், மருந்துக்கு என்று யாராவது கேட்கும்போதும் எந்தப் பாலை என்று குழப்பமில்லாமல் சொல்ல அறிவியல் பெயர் தேவை. அறிவொளியில் அ, ஆ சொல்லித்தந்தபோது எழுத்து எப்படி மக்களின் உடைமையானதோ, அப்படியே இந்தப் பெயர்களும் அவர்கள் உடைமையாக வேண்டும்.

அறிவொளியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த நாளில் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றார்கள் எங்கள் பெண்கள். பத்தாயிரக்கணக்கில் ஓட்டினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதை எழுதி ஊரறியச் செய்தார். கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். கையெழுத்து கற்றவருக்கு அதை வைத்துச் செய்ய உடனே ஒரு வேலை இருந்தது. அதனால்தான் அந்தப் படிப்பு நிலைத்தது. இப்போது 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் மாலை நேர வகுப்புகளாகப் பள்ளிகளில் நடக்கிறது. அந்த வகுப்புகளில் மாதம் ஒன்றையாவது தோட்டத்துக்கு மாற்றுங்கள். விதைப் பொட்டலத்தில் பெயரும் தேதியும் எழுதுவதைவிட நல்ல எழுத்துப் பயிற்சி எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். மக்கள் பதிவேடு என்று பெயர் இருக்கும்போது அதை மக்களே சொல்லி, மக்களே எழுத வேண்டும். தோட்ட வகுப்பில் கற்றவர்கள் தங்கள் ஊராட்சிப் பதிவேட்டுக்கு உரியவர்களாக வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. யார் சொன்ன தகவல் என்பதும் அதில் அவர் சம்மதத்தோடு ஏற வேண்டும்.

நேரம், கூலி பற்றி. சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சிக்கு எங்கள் மகளிர் குழுவினர் போயிருந்தார்கள். நடவு நாள். காலை 10 மணிக்கு வரச்சொல்லி, அறைக்குள் உட்காரவைத்து, திரையில் படம் போட்டு, சாப்பாடு போட்டுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். சன்னலுக்கு வெளியே தோட்டம் இருந்தது. ஒரு செடியைக்கூட யாரும் தொடவில்லை. ஒரு நாள் கூலியும் போயிற்று. இனி அப்படி வேண்டாம். தை அறுப்பு முடிந்து மாசியிலிருந்து ஆடி வரை இங்கே வேலை குறைவு. விதை உதிர்வதும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். நார்த்தாமலை மாரியம்மன் பங்குனித் திருவிழா நாட்களை விட்டுவிட்டு மற்ற வாரங்களில் விடிகாலையிலோ சாயங்காலத்திலோ வகுப்பு வைக்கலாம். கைக்குழந்தையோடு வருகிறவருக்கு நிழலும் தொட்டில் கட்ட மரக்கிளையும் இருந்தால் போதும்.

மருத்துவர்கள் சிலர் எங்களிடம் கேட்கிறார்கள், இது கைவைத்தியத்தைப் பரப்புவதில் முடியாதா என்று. நியாயமான கவலை, அதை நாங்கள் ஏற்கிறோம். எந்த நோய்க்கும் மருந்து சொல்லும் இடமாகத் தோட்ட வகுப்பு இருக்கக் கூடாது. முதல் பாடமே நச்சுச் செடிகளாக இருக்கட்டும். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கு உயிரைக் குடிக்கும். குன்றிமணி, அரளி, ஊமத்தை, பிள்ளைகள் கொட்டை என்று தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் காட்டாமணக்கு, இவற்றைத் தாய்மார்கள் இலை, பூ, காய் என்று எல்லா நிலையிலும் அடையாளம் காண வேண்டும்.

குடுமியான்மலையில் அரசின் அண்ணா பண்ணை இருக்கிறது, வேளாண் விரிவாக்கப் பயிற்சி நிலையம் இருக்கிறது. வம்பனில் பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. வம்பன் உளுந்து விதைக்காத சம்சாரி இங்கே குறைவு. இந்த இடங்களில் உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களுக்கு ஆளுக்கொரு ஏக்கர் ஒதுக்கி, அதையே வகுப்பறையாக்கக் கேட்கிறோம். குன்றாண்டார்கோவிலில் பாறையைக் குடைந்த சிவன் கோயிலையும் தேர்போல் செதுக்கிய மண்டபத்தையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். ஒன்றிய நாற்றங்காலில் ஒரு மூலையைக் கொடுத்தால், அவர்களையும் எங்கள் வீரை மரத்தடியில் நிறுத்திப் பேச எங்கள் பெண்களே போதும்.

எங்கள் பங்குக்கு, ஆனி மாதத்தில் வேப்பங்கொட்டையும் இலுப்பைக் கொட்டையும் பொறுக்க ஆள் தருகிறோம். கோயில் காடுகளில் பூசாரியிடமும் ஊராரிடமும் அனுமதி வாங்கி, உதிர்ந்த விதையை மட்டும் எடுத்துத் தருகிறோம். சொல்லித்தரத் தயாராக இருக்கும் பெரியவர்களின் பட்டியலை ஊர்வாரியாக எழுதத் தொடங்கிவிட்டோம். கீழாநெல்லியைப் பிரித்துக் காட்டிய அப்பாயி முதல் ஆளாகச் சம்மதித்திருக்கிறார்.